கேட்டால்தான் எரியும் அடுப்பு

(மருத்துவக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். அரங்கில் காட்டிய படங்களும் கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிர்வேதியியல் கற்பித்துவருகிறேன். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களிடம் மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று சொல்லும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரி. தவறான வரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரியோடு நாம் நின்றுவிட்டோம். ஆற்றல் நிலையம் என்றதும் மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரி ஒன்று மனதில் வந்து நிற்கிறது. நிலக்கரி போட்டால் மின்சாரம் வரும். பழசானால் தேயும், புகை கக்கும், ஒருநாள் நின்றுபோகும். நம் உடம்பையும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டோம். அறுபது வயது தாண்டினால், "எல்லாம் தேஞ்சு போச்சு, இனிமே உக்காந்து ஓய்வெடுங்க, ஒரு சத்து மாத்திரை போடுங்க" என்கிறோம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மைட்டோகாண்ட்ரியா நம் செல்லுக்குள் குடியேறி வாழும் ஓர் உயிர். வேலை கேட்டால் அது எரியும், பெருகும்; கேட்காமல் விட்டால் ஒடுங்கும். வயதானவர் உடம்பில் அது தளர்வதற்குக் காலத்தின் தேய்மானம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதனிடம் நாம் வேலை கேட்பதை நிறுத்திவிடுவது என்பது என் துணிபு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் 'மிட்டோஸ்' என்றால் இழை. 'காண்ட்ரியான்' என்றால் சிறு மணி. இலங்கைப் பாடநூல்கள் இதை 'இழைமணி' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். உயிருள்ள செல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது இழையாக நீள்கிறது, மணியாக உடைகிறது, மறுபடி ஒன்றோடொன்று கூடுகிறது. பெயரே அதன் நடத்தையைச் சொல்லிவிடுகிறது. இந்த உரையில் இரண்டு சொற்களையும் புழங்குவேன்.

1. அடுப்பு எப்போது எரிகிறது?

ஆய்வகத்தில் நாங்கள் செய்துவந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். காலை ஆறு மணிக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்து, ஆடு அறுத்த சூடு ஆறுவதற்குள் ஈரலை வாங்கி, ஐஸ் போட்ட தூக்குப்பாத்திரத்தில் எடுத்துவருவோம். பொடியாக நறுக்கிச் சர்க்கரைக் கரைசலில் அலசி, கண்ணாடிக் குழாயில் போட்டு அதற்கென்று உள்ள இடிகோலால் மெல்ல மேலும் கீழுமாக ஆட்டிக் குழைப்போம். கை கடுத்துவிடும், ஆனாலும் அவசரப்படக் கூடாது, சூடேறக் கூடாது. பிறகு அந்தக் குழம்பை மெதுவாகச் சுழற்றினால் உட்கருக்களும் உடையாத செல்களும் அடியில் தங்கும். மேல்நீரை எடுத்து வேகமாகச் சுழற்றினால் குழாயின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு விழுது ஒட்டிக்கொண்டிருக்கும். கோடிக்கணக்கான இழைமணிகள் அவை. செல்லைவிட்டு வெளியே வந்தும் சில மணி நேரம் உயிர்த்துடிப்போடு இருப்பவை.

அதில் ஒரு துளியை ஆக்சிஜன் அளக்கும் மின்முனை பொருத்திய சிறு கிண்ணத்தில் விடுவோம். பக்கத்தில் நகரும் வரைதாளில் பேனா ஒன்று கோடு போட்டுக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் கோடு இறங்கும். முதலில் உணவு கொடுப்போம், சக்சினேட் என்ற எளிய அமிலம். கோடு லேசாகச் சாயும், அவ்வளவுதான். உணவு இருக்கிறது, காற்று இருக்கிறது, இழைமணி நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் எரிக்கவில்லை. இப்போது மிகச் சிறிய அளவில் வேறொரு பொருளைச் சேர்ப்போம். செல் தன் செலவுக்குப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு செலவானபின் மிஞ்சும் வெறுங்கூடு, அதாவது இரு பாஸ்பேட் மட்டுமே உள்ள மூலக்கூறு. "செலவாகிவிட்டது, இன்னும் வேண்டும்" என்று செல் அனுப்பும் சீட்டு அது. சேர்த்த மறுகணம் பேனா செங்குத்தாக இறங்கும். ஓரிரு நிமிடத்தில் சீட்டுகள் எல்லாம் தீர்ந்ததும் கோடு மறுபடி சாய்வாகிவிடும். மறுபடி சேர்த்தால் மறுபடி இறங்கும். 1955இல் பிரிட்டன் சான்ஸும் வில்லியம்ஸும் வகுத்துக் காட்டிய ஒழுங்கு இது. நூறு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பேனா சரியும்போது எனக்கு மெய்சிலிர்க்கும். விறகும் காற்றும் இருந்தும் கேட்டால்தான் எரிகிற அடுப்பு!

ஏன் அப்படி? அதற்கு ஏ.டி.பி.யைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். செல்லின் எல்லாச் செலவுக்கும் கையிருப்புப் பணம் அது. 1929இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து அதைத் தசையிலிருந்து பிரித்துக் காட்டியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். நம் ஊர்க் கல்லூரியில் படித்தவர் கைபட்ட மூலக்கூறு என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பாடநூலில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கும் ஏ.டி.பி. நூறு கிராமைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் நாம் செலவிடுவதோ ஏறத்தாழ நம் எடை அளவு. ஒவ்வொரு மூலக்கூறும் நாளுக்குப் பல நூறு முறை செலவாகி மீண்டும் உருவாகிறது. சேர்த்துவைக்கவே முடியாத பணம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்க வேண்டியது.

அந்த ஏ.டி.பி.யை இழைமணி எப்படி உருவாக்குகிறது என்பதை 1961இல் சொன்னவர் பீட்டர் மிட்சல். நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் இழைமணியின் உட்சவ்வில் படிப்படியாக இறங்கிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த இறக்கத்தின் வலுவைக் கொண்டு புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே ஏற்றப்படுகின்றன; மோட்டார் போட்டுத் தண்ணீரை மாடிக்கு ஏற்றுவதுபோல. ஏறியவை திரும்பி இறங்க ஒரே ஒரு நல்ல வழி. அந்த வழியில் ஒரு சக்கரம் இருக்கிறது. புரோட்டான்கள் இறங்கும்போது அது சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழல வல்லது. உவமை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையாகவே சுழலும் புரதம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் நாரைக் கட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணால் கண்டார்கள்.

மிட்சலை முதலில் யாரும் நம்பவில்லை. உடல்நலம் கெட்டுப் பல்கலைக்கழக வேலையை விட்டவர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாழடைந்த பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாயலுடன் அங்கேயே சிறு ஆய்வகம் நடத்தினார். 1978இல் நோபல் பரிசு வந்தது.

இப்போது வரைதாளுக்கு வருவோம். மாடித் தொட்டி நிரம்பி, குழாயை யாரும் திறக்காமல் இருந்தால் மோட்டார் திணறும். ஏ.டி.பி. செலவாகாதபோது சக்கரம் நிற்கிறது. புரோட்டான்கள் இறங்க வழியில்லை. எலக்ட்ரான்களும் நகராமல் தேங்குகின்றன. தேங்கியவற்றில் சில ஒழுகி, வழியில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு கேடு செய்யும் மூலக்கூறுகள் ஆகின்றன. மூன்று வேளையும் வயிறார உண்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவர் தசையில் நடப்பது இதுதான். இழைமணிக்கு உழைப்பு பாரம் என்று நினைக்கிறோம். அதற்குத் தேக்கம்தான் பாரம்.

தொட்டியில் ஓட்டை போட்டால் என்ன ஆகும்? டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் பொடியைக் கிண்ணத்தில் சேர்த்தால் கோடு இறங்கிக்கொண்டே இருக்கும், நிற்காது. ஏ.டி.பி. உருவாகாது, எல்லாம் சூடாகிப் போகும். 1933இல் அமெரிக்காவில் இதை உடல் மெலியும் மருந்தாகப் பரப்பினார்கள். மெலிந்தார்கள், உண்மைதான். பலருக்குக் கண்புரை வந்தது. சிலர் உடம்பு கொதித்து இறந்தார்கள். 1938இல் தடை வந்தது. அதை இன்றும் மெலிவதற்காக இணையத்தில் வாங்கி விழுங்கி இறப்பவர்கள் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லி எச்சரித்துவையுங்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

பிறவியிலேயே இந்த ஒழுகலோடு இருந்த பெண் ஒருவரை ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் லுஃப்ட் பரிசோதித்து 1962இல் விரிவாக எழுதினார். வயது முப்பத்தைந்து. ஓயாமல் வியர்க்கும், நிறையச் சாப்பிட்டும் இளைத்தே இருந்தார். தைராய்டில் குறையில்லை. இழைமணியின் கோளாறால் வரும் நோய் என்று மனித இனத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அவர் நோய்தான்.

2. குடிவந்த உயிர்

1967இல் லின் மார்குலிஸ் என்ற இளம் விஞ்ஞானி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் பதினைந்து இதழ்கள் அளவுக்கு அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனியே வாழ்ந்த ஒரு பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் புகுந்து, சாகாமலும் கொல்லாமலும் அங்கேயே தங்கிவிட்டது. அதன் வழித்தோன்றலே மைட்டோகாண்ட்ரியா என்றார். இன்று இதை மறுப்பவர் இல்லை. அந்தக் கட்டுரைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1963இல், நாஸ் தம்பதியர் இழைமணிக்குள் தனி டி.என்.ஏ. இருப்பதைக் கண்டிருந்தார்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவற்றில் புரதம் செய்பவை 13. இழைமணிக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களை நம் உட்கரு செய்து அனுப்புகிறது. இரு வீட்டார் கூடி நடத்தும் குடித்தனம். அந்த டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே நமக்கு வருகிறது.

பழைய பாக்டீரியா உறவு மருத்துவமனையில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் புரதச் சாலையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், சிலருடைய இழைமணியின் புரதச் சாலையையும் பாக்டீரியா என்று நினைத்துத் தாக்கிவிடுகின்றன. இழைமணி டி.என்.ஏ.யின் 1,555ஆவது எழுத்து ஒன்று மாறியிருந்தால் போதும். வழக்கமான அளவிலேயே காது கேட்காமல் போகும், திரும்பி வராது. 1993இல் இதைக் கண்டறிந்தார்கள். "சின்ன வயசுல காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, அதிலிருந்து காது போச்சு" என்று சொல்லும் பெரியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் காரணம் இதுவே என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே இருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த ஊசியை எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அம்மா வழியில், அம்மாச்சி, சித்தி, மாமன்மார் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதா? அரை நிமிடம் ஆகும்.

3. களையெடுப்பு

உயிர் என்றால் பழையது கழிந்து புதியது வர வேண்டும். எலியின் கல்லீரலில் இழைமணியின் பொருள்களில் பாதி புதுப்பிக்கப்படப் பத்து நாள் போதும் என்று 1960களிலேயே கணக்கிட்டார்கள். எழுபது வயதுக்காரர் உடம்பில் எழுபது வயது இழைமணி கிடையாது. அப்படியானால் எது மூப்படைகிறது?

1956இல் டென்ஹாம் ஹார்மன், எரியும்போது வெளிப்படும் கேடான மூலக்கூறுகளே மூப்பின் காரணம் என்றார். 1972இல் அவற்றின் பிறப்பிடம் மைட்டோகாண்ட்ரியா என்றும் சேர்த்தார். அரை நூற்றாண்டு இந்தக் கருத்து ஆண்டது. 2004இல் ஸ்வீடனில் எலிகளின் இழைமணி டி.என்.ஏ.யில் பிழைகள் குவியும்படி ஒரு நொதியை மாற்றினார்கள். சில மாதங்களிலேயே அவற்றுக்கு முடி கொட்டியது, முதுகு கூனியது, எலும்பு மெலிந்தது, இதயம் வீங்கியது. ஆனால் ஹார்மன் சொன்ன கேடான மூலக்கூறுகள் அவற்றின் உடம்பில் அப்படி ஒன்றும் கூடியிருக்கவில்லை. இன்னொரு பக்கம், சுவாசத்தை ஓரளவு குறைத்த சில நுண்புழுக்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. அந்தக் கேடான மூலக்கூறுகளாகிய புகைதான் எமன் என்ற எளிய கதை அத்தோடு உடைந்தது. கெட்டுப்போன இழைமணிகளை இனங்கண்டு கழிக்கும் வேலை தளர்வதே முக்கியம் என்ற பக்கம் சான்றுகள் சாய்ந்தன.

அந்தக் களையெடுப்பு நின்றால் என்ன நேரும் என்பதை நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் பார்க்கிறோம். 1982இல் கலிஃபோர்னியாவில் போதைப்பொருள் பழக்கமுள்ள இளைஞர்கள் சிலர் திடீரென்று சிலையாக உறைந்துபோனார்கள். பேச முடியவில்லை, கை அசையவில்லை. எழுபது வயதில் வரும் பார்க்கின்சன் நோயின் முற்றிய தோற்றம் இருபது, முப்பது வயதுக்காரர்களிடம். வில்லியம் லாங்ஸ்டன் துப்பறிந்ததில், போதைப்பொருளில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள் மூளையில் உருமாறி, நடுமூளை நரம்பணுக்களின் இழைமணிகளை முடக்கியது தெரிந்தது. பிறகு இளவயதிலேயே பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமான பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு மரபணுக்கள் கிடைத்தன. அவற்றின் வேலை என்ன? பழுதான இழைமணிக்கு அடையாளம் வைத்து அழிக்கச் சொல்வது. 2008இல் ரிச்சர்ட் யூலின் குழு இதைக் கண்முன் காட்டியது. களையெடுக்க ஆளில்லாத வயலைப் போல அந்த நரம்பணுக்கள் மடிகின்றன.

4. மாத்திரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார். ஒரு பாதியினருக்கு, அந்தக் கேடான மூலக்கூறுகளைத் துடைக்கும் மாத்திரைகளாக, நாளும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ. மாத்திரை சாப்பிடாதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. உழைக்கும்போது எழும் சிறு புகைதான் "இன்னும் இழைமணி வேண்டும்" என்று செல்லுக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியைத் துடைத்துவிட்டது. 1994இல் ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்று குறையவில்லை, கூடியது. நெல்லிக்காயையும் முருங்கைக்கீரையையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். "செல்லின் ஆற்றலைக் கூட்டும்" என்று ஒட்டி வரும் டப்பாவுக்கு உங்கள் ஓய்வூதியத்தைக் கொடுக்க வேண்டாம்.

5. கேட்டால் பெருகும்

1967இல் ஜான் ஹோலோசி எலிகளை ஓடுபாதையில் வாரக்கணக்கில் ஓடவிட்டார். அவற்றின் தசையில் இழைமணி நொதிகள் இரு மடங்காயின. அன்றுவரை பயிற்சி என்றால் தசை பருக்கும், இதயம் வலுக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். தசைக்குள்ளேயே அடுப்புகள் பெருகுகின்றன என்பது புதுச் செய்தி. அதைத் தூண்டும் புரதத்தை 1998இல் புரூஸ் ஸ்பீகல்மேனின் குழு கண்டுபிடித்தது.

"வயதானவருக்கும் பெருகுமா?" என்று கேட்பீர்கள். 2017இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயரின் குழு பன்னிரண்டு வாரம் சோதித்தது. இடைவிட்டு வேகமாக மிதிவண்டி மிதிக்கும் பயிற்சியில் இளையவர் தசையின் இழைமணித் திறன் 49 விழுக்காடு கூடியது. 65 முதல் 80 வயதுள்ளவர்களுக்கு 69 விழுக்காடு. முதியவருக்கு அதிகம்! இந்த எண்ணை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அதே நாயர் 2008இல் நம்மைப் பற்றியே ஒன்று கண்டார். இந்திய வம்சாவளியினரின் தசையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் அவர்களுடைய இழைமணிகள் ஏ.டி.பி. செய்யும் திறனில் வெள்ளையரைவிட மேலாகவே இருந்தன. சர்க்கரை நோய்க்கு இழைமணிக் குறைவே மூலம் என்று சொல்லிவந்தவர்களுக்கு இது பெரிய இடறல். எனக்கோ ஆறுதல். நம் அடுப்பில் குறையில்லை.

என் தாயாரைப் பற்றிச் சொல்லித்தான் இந்தப் பகுதியை முடிக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நன்றாக முடிந்தது. இரண்டாம் நாளே நடக்கவிடுங்கள் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அன்பினால் ஆளாளுக்கு ஓடினோம். காபி கைக்கு வரும், தட்டு மடிக்கு வரும், கொடியில் துணி எடுக்கக்கூட விட மாட்டோம். "நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்." அதுவரை தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர். மூன்று மாதத்தில் தொடை என் முன்னங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, எழுந்து நிற்கத் தசையில் தெம்பில்லை. அதன்பின் அவர் தனியாக நடக்கவே இல்லை. வகுப்பில் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொடுத்த பாடம் என் வீட்டுக் கட்டிலருகே எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த வருத்தம்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுக்க வைத்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது சிறியது. மருத்துவர் படுத்தே இருக்கச் சொன்னவர்களை விட்டுவிடுங்கள். மற்றபடி, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அப்பாவோ அம்மாவோ தண்ணீர் கேட்டால் செம்பில் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் போய் நின்று, கைகொடுத்து எழுப்பி, அவர்களையே பானை வரைக்கும் நடந்து வரச் சொல்லுங்கள்.